குவாய் நோய் ஆற்றின் எட்டுக் காட்சிகள்

மே 24, 1943. திங்கள்

சோப்பு கிடைத்தது. தோட்டத்தை விட்டு வந்த பிறகு இன்றுதான் சோப்பைக் கண்ணால் பார்க்கிறேன். நுரை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டு சோப்புக்கு அழுகிறவனாக ஆகிவிட்டேனே என்று என் மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இரண்டு தடவை தேய்த்துக் குளித்தேன்.

காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணி முடிந்ததும் இங்கிலீஷ் தெரிந்தவன் யார் என்று கேட்டார்கள். கூலி முகாம் முழுக்க நான் ஒருவன்தான். மலாயாவில் புக்கிட் செலாரு ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். ஜப்பான்காரன் எங்களை ரயில் பாதை போட சயாமுக்கு ஏற்றி வந்தபோது கூடவே வந்தேன். இன்று என்னை ஓடைக்கு இந்தப் பக்கம், அதிகாரிகள் இருக்கும் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் அந்தப் பக்கம், மூங்கில் கொட்டகைகளில். என் மச்சினன் சிகாமணியும் அங்கேதான். இருபத்திரண்டு வயசு ஆள். தன்னைப் பார்த்துக்கொள்ள அவனுக்குத் தெரியும்.

என் புது எஜமான் ஒரு ஓவியன். பெயர் கசாமா ஷுன்கோ. அறுபதை நெருங்கியவன். சேறே படாத வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. நரைத்த குறுந்தாடி. வாலிப வயசில் லண்டனிலும் பாரீசிலும் படித்தானாம். என்னைவிட நல்ல இங்கிலீஷ் பேசுகிறான்.

"நீ ரங்கம்-சான். நான் கசாமா. நாம் இரண்டு பேரும் இந்த ஆற்றை எட்டுப் படமாக ஆக்கப் போகிறோம்" என்றான். 'சான்' என்பது அவர்கள் பாஷையில் மரியாதையாம்.

பாதை முடிந்ததும் பெரிய தளபதிகளுக்குப் பரிசு கொடுக்க ராணுவம் கேட்டிருக்கிறதாம். பேசிக்கொண்டே ஒரு மெல்லிய தாளில் துப்பினான். அதை நான்காக மடித்துச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டான். எனக்குக் குமட்டியது.

மே 26

எழுதத் தாள் கிடைத்துவிட்டது. கசாமா வெட்டித் தள்ளுகிற ஓரத் தாள்கள். இங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

நாள் முழுக்க அவனுக்குக் குடை பிடித்தேன். மேட்டின் விளிம்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆற்றை வரைந்தான். குவாய் நோய் என்று ஆற்றுக்குப் பெயர். சயாம் பாஷையில் 'நோய்' என்றால் சின்னது என்று அர்த்தமாம். எங்கள் ஆட்கள் முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

முதலில் வெள்ளைக்காரன் மாதிரி தண்ணீர் வர்ணத்தில் வரைகிறான். தூரத்து மலை வெளிறி, பக்கத்து மூங்கில் அடர்ந்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிற மாதிரி. பிறகு அதைத் தன் நாட்டு வழக்கப்படி பிரித்து, கோட்டுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு பலகை என்று செர்ரி மரத்தில் செதுக்குகிறான். மற்ற ஓவியர்கள் செதுக்கவும் அச்சிடவும் வேறு ஆள் வைத்துக்கொள்வார்களாம். இவன் எல்லாவற்றையும் தானே செய்வான். டோக்கியோவில் அதற்காகவே அவனைத் திட்டினார்களாம். பாரீசில் அதற்காகவே கொண்டாடினார்களாம். அதைச் சொல்லும்போது பல் தெரியச் சிரித்தான். முன்பல் ஒன்று தங்கம்.

"மனிதர்களை வரைய மாட்டீர்களா, சென்செய்?" என்று கேட்டேன். அப்படித்தான் கூப்பிட வேண்டும். வாத்தியார் என்று அர்த்தம்.

"வரைவேன். அரிசி அளவுக்கு. மலை எவ்வளவு உயரம் என்று காட்ட ஒரு மனிதன் போதும். அவனுக்கு முகம் வைத்தால் பார்க்கிறவன் மலையை விட்டுவிடுவான்."

கீழே எங்கள் ஆட்கள் மண் கூடை சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். படத்தில் அந்த இடத்தில் ஒரு மூங்கில் புதர் இருக்கிறது.

மே 29

மழை. சிகாமணியைப் பார்க்கப் போகலாம் என்று இருந்தேன். ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும். போகவில்லை.

ஜூன் 1, செவ்வாய்

இன்று பசை காய்ச்சக் கற்றுக்கொடுத்தான். அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்ச வேண்டும். வர்ணத்தோடு அதைச் சேர்த்துப் பலகையில் தேய்த்தால்தான் தாளில் சாயம் திட்டுத் திட்டாக இல்லாமல் படியுமாம். தண்ணீரும் காய்ச்சி வடிகட்டின தண்ணீராக இருக்க வேண்டும்.

வெள்ளை அரிசி. எங்கள் முகாமில் சுண்ணாம்பு நாறும் புழுத்த அரிசிதான். கசாமாவின் மாவில் ஒரு புழு இல்லை. கிண்டும்போது எழுந்த ஆவியில் எனக்கு எச்சில் ஊறியது. ஒரு விரல் நக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் ஒரு போத்தலைத் திறந்து கார்பாலிக் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டான்.

"மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்" என்றான்.

ஒரு குடும்பம் கஞ்சி குடிக்கிற அரிசி. இப்போது நாய்கூடத் தொடாது. மிச்சப் பசையை மாலையில் ஆற்றில் கொட்டினேன். மீன்கள் வந்தன, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு ஒரு சார்டின் டின் கொடுத்தான். சாப்பிட்டேன். நல்ல மீன்.

ஜூன் 4

காலையில் பிரஷ்களை அலசிக்கொண்டிருந்தபோது காத்தாயி வந்தாள். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். வரும் வழியிலேயே புருஷனை ரயில் பெட்டியில் பறிகொடுத்தவள். தலை கலைந்து, சீலையெல்லாம் ஈரம். அவள் மேல் வந்த வாடையில் நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

"பசியாறிட்டீங்களா, கிராணி ஐயா?" என்று கேட்டாள். அந்த நிலையிலும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"என்ன வேணும்?"

"அங்க வாந்திபேதி வந்திருச்சுங்க. ஆத்துத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு ஆளுங்க சுருண்டு விழுறாங்க. வெந்த தண்ணி ஒரு டின்னு குடுத்தீங்கன்னா தூக்கிட்டுப் போயிருவேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது அச்சு வேலைக்கு. விறகு அளந்துதான் தருகிறார்கள்.

"அது சென்செயோட தண்ணி. நான் எடுத்துக் குடுக்க முடியாது."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கசாமா கொடுத்தது.

"உங்க மச்சினரு நல்லாத்தாங்க இருக்காரு. உங்கள விசாரிச்சாரு. ஒரு நட வந்துட்டுப் போங்க."

வருகிறேன் என்றேன். அவளை அனுப்பிய பிறகு அவள் நின்ற இடத்தில் சாம்பலும் சுண்ணாம்பும் தூவினேன். இந்த நேரத்தில் சுத்தம் முக்கியம்.

ஜூன் 5

மழை.

ஜூன் 7

அதிகாலையிலேயே எழுப்பிவிட்டான். நாலாவது காட்சிக்கு விடியல் வெளிச்சம் வேண்டுமாம். மேட்டு விளிம்புக்குப் போனபோது ஓடைக்கு அந்தப் பக்கம், கொட்டகைகளுக்குப் பின்னால், மூங்கில் காட்டின் மேல் வெளுப்பாக ஒரு படலம் பரவி நின்றது. காற்றே இல்லை. படலம் மலையின் இடுப்பைச் சுற்றி அசையாமல் கிடந்தது.

கசாமா பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிற மாதிரி கைகளைச் சேர்த்தான்.

"ரங்கம்-சான், என்ன அழகு! பனிதானே அது?"

எனக்குக் காற்று வராமலேயே நாற்றம் தெரிந்தது. நேற்று மாலையிலிருந்து எரிகிறது. ஈர விறகு. உடம்புகளைக் குழிக்குள் அடுக்கி எரிக்கச் சொல்லி உத்தரவு.

"ஆமாம், சென்செய். பனி" என்றேன்.

வேறு என்ன சொல்வது? சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு வேறு இடம் போவான். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவன் வரையத் தொடங்கினான். ஒரு மணி நேரம் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி முகம் மலர்ந்து வரைந்தான். அந்த முகத்தில் காறித் துப்பலாமா என்று இருந்தது. குடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 9

உத்தரவு வந்துவிட்டது. ஓடையைக் கடந்து கூலி முகாமுக்குள் போகிற எந்த ஆளும் திரும்பி இந்தப் பக்கம் வரக்கூடாது. அதிகாரிகளுக்கு மட்டும் விலக்கு. இனி நினைத்தாலும் போக முடியாது.

நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 11

நாலாவது காட்சியை இன்று அச்சிட்டான். பலகைகளைச் செதுக்கி முடித்த வேகத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. கிழவன் தூங்குவதே இல்லை.

ஈரத் தாளைப் பலகை மேல் விரித்து, மூங்கில் உறை போர்த்திய வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்த்தான். முதலில் கோடு. பிறகு ஆறு. மலை. வானம். ஒரே வர்ணத்தை மெல்லிசாக மூன்று நாலு தடவை ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. அச்சு என்று சொன்னால் நம்ப முடியாது. ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

கடைசியாகப் பனிப் பலகை. அதற்கு வர்ணம் குழைக்கச் சொன்னான். வெள்ளையும் நீலமும் எடுத்து வைத்தேன்.

"நீலம் வேண்டாம். பனிக்குத்தான் நீலம். இதற்குக் காவியும் கொஞ்சம் கரியும்."

என் கை நின்றுவிட்டது.

"சென்செய்க்குத் தெரியுமா?"

"லண்டனில் மூன்று குளிர்காலம் இருந்தேன்" என்றான். தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தபடியே பேசினான். "அங்கே ஓவியர்கள் எல்லாரும் ஆற்றின் மேல் மூடுபனி வரைவார்கள். பாதிக்குமேல் கரிப் புகை. இருமி இருமிச் செத்தவர்கள் எத்தனையோ. படம் வாங்கியவர்கள் பனி என்றுதான் சொன்னார்கள். பனியும் புகையும் எனக்கு அங்கேயே பிரித்துப் பார்க்க வந்துவிட்டது."

"பிறகு ஏன் என்னிடம் கேட்டீர்கள்?"

"நீ என்ன சொல்வாய் என்று பார்க்கத்தான். நீ பனி என்றாய். நானும் பனி என்று வைத்துக்கொண்டேன். நமக்குள் ஒரு மரியாதை."

நமக்குள்! அந்த வார்த்தையைக் கேட்டதும் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். அவன் பின்னாலேயே வந்து, "உனக்குக் காய்ச்சல் இருக்கிறதா?" என்று கேட்டான். வாந்திபேதியோ என்று பயந்துவிட்டான் போலிருக்கிறது. இல்லை என்றதும் முகம் தெளிந்து ஒரு குவளை வெந்நீர் கொடுத்தான்.

ஜூன் 12

நான் அவனைப் போல இல்லை. எனக்கு வேறு வழி இல்லை. அவனுக்கு இருக்கிறது.

ஜூன் 14, திங்கள்

ஓடைக்கு அந்தக் கரையில் நின்று காத்தாயி கூப்பிட்டாள். நடுவில் ஆழம் இல்லை, இடுப்பளவுகூட வராது. துப்பாக்கியோடு காவல்காரன் ஒருவன் மரத்தடியில் குந்தியிருந்தான். அவள் கத்திப் பேசியதை அவன் கண்டுகொள்ளவில்லை.

"ஐயா! உங்க மச்சினர கொட்டாயில கொண்டு போட்டுட்டாங்கய்யா!"

கொட்டாய் என்றால் கடைசிக் கொட்டகை. எரிகுழிக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே போனவர்களுக்குச் சோறு கிடையாது. வீண் என்று நிறுத்திவிட்டார்கள்.

"எப்போ?"

"முந்தாநேத்து ராத்திரி. நான்தான் கூட இருக்கேன். உடைஞ்ச சட்டியில தண்ணி காய்ச்சி ஊத்துறேன். நிக்க மாட்டேங்குது. நீங்க வந்து பக்கத்துல ஒக்காந்தா தெம்பா இருக்கும்யா. மச்சான் மச்சான்னே கெடக்காரு."

"போனா திரும்பி வர விட மாட்டாங்க, காத்தாயி. உனக்குத் தெரியாதா? உத்தரவு."

அவள் குனிந்து ஓடையில் கையைக் கழுவினாள்; தண்ணீர் மஞ்சளாக ஓடியது. நான் ஓட்டத்தின் கீழ்ப்புறம் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். சட்டென்று கரையேறிவிட்டேன்.

ரயில் ஏறுகிற அன்று என் மனைவி செண்பகவல்லி எனக்குத் திருநீறு பூசிவிட்டுத் தன் தம்பியைப் பற்றி ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஜூன் 16

பாதை வேலையைப் பார்க்கும் மேஜர் படங்களைப் பார்க்க வந்தான். அச்சானதும் ஆகாததுமாக ஏழு காட்சிகளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினோம். பூட்ஸ் காலோடு பாயில் ஏறி நின்றான். நாலாவது காட்சியில் விரலை வைத்து ஏதோ கத்தினான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பான் பாஷையில் 'புகை' என்ற வார்த்தை பிடிபட்டது.

கசாமா குனிந்து வணங்கினான். தலை நிமிராமலேயே என்னிடம் இங்கிலீஷில், "ரோஜா நிறம் குழை" என்றான்.

அதே பலகை. காவிக்கும் கரிக்கும் பதிலாக வெளிர் ரோஜா. ஒரே தேய்ப்பு. தாளை உரித்து எடுத்தபோது எரிகுழிப் புகை போய், மலை இடுப்பில் விடியற்கால மேகம் மிதந்தது. மேஜர் சிரித்தான். கசாமாவின் தோளில் தட்டினான். எனக்குக்கூட ஒரு சிகரெட் கொடுத்தான்.

அந்த ரோஜா நிறத்தைக் குழைத்தது நான். பசை காய்ச்சியதும் நான். நகத்தடியில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை.

மேஜர் போன பிறகு கசாமா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு தளபதியின் மனைவி இதைச் சுவரில் மாட்டுவாள். சயாம் எவ்வளவு அழகான நாடு என்பாள். அதற்குத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள்."

"வெட்கமாக இல்லையா, சென்செய்?" என் வாயிலிருந்து வந்துவிட்டது. அடிப்பான் என்று நினைத்தேன்.

"இருக்கிறது" என்றான். "பிரஷ்களைக் கழுவி வை."

ஜூன் 18, வெள்ளி

நாளை காலைப் படகில் கசாமா கீழே போகிறான், அங்கிருந்து பாங்காக். என்னையும் உதவியாளன் என்று பயணச் சீட்டில் சேர்த்துவிட்டான். பாங்காக்கில் அரிசி உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, தமிழ்க் கடைகள்கூட உண்டாம்.

எட்டாவது காட்சி மட்டும் பாக்கி இருந்தது. மத்தியானம் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டி, வாயில் துணி கட்டிக்கொண்டு, தோளில் பையோடு கிளம்பினான்.

"எங்கே, சென்செய்?"

"ஓடைக்கு அந்தப் பக்கம். நீ வர வேண்டாம். உனக்குத் திரும்ப அனுமதி இல்லை."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாலை வரைக்கும் பலகைகளைத் தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்கினேன்.

திரும்பி வந்தபோது அவன் பூட்ஸ்மேல் மருந்துத் தண்ணீர் ஊற்றினேன். கைகளை முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தான். வர்ணம் இல்லை. வெறும் மைக்கோடு. மூங்கில் பரணில் ஒருவன் ஒருக்களித்துக் கிடக்கிறான். மலை இல்லை, ஆறு இல்லை. தாள் முழுக்க முகம்தான். கன்னம் உள்ளே போய், கண் குழிந்து, உதடு பிளந்து. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு; சின்ன வயசில் ரப்பர் தோட்டத்துக் கித்தா மரத்திலிருந்து விழுந்து பட்டது.

முகம் வைக்க மாட்டேன் என்றவன் வைத்திருக்கிறான். வைத்தது சிகாமணியின் முகம்.

"இதை அச்சிட விட மாட்டார்கள். தெரியும். ஆனாலும் கண் கேட்டது" என்றான் கசாமா. துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். "இவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். மச்சான், மச்சான் என்று. உங்கள் பாஷையில் தண்ணீருக்கு அதுதானே பெயர்? என் குடுவையை நீட்டினேன். வாங்கவில்லை."

நான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆமாம், சென்செய். தண்ணீர் என்றுதான் அர்த்தம்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

ஜூன் 19

துறையில் படகு நின்றது. பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கசாமா குடையோடு முன்பக்கம் உட்கார்ந்துவிட்டான். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நான் படகிலிருந்து இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவன் பக்கத்தில் எனக்காக விட்டிருந்த இடத்தைப் பார்த்தேன். பாய் விரித்து, சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தான். அதில் என்னால் உட்கார முடியவில்லை.

"ஏறு, ரங்கம்-சான். படகு காத்திருக்காது."

"சென்செய், மச்சான் என்றால் தண்ணீர் இல்லை."

"பின்னே?"

"அவன் என் மனைவியின் தம்பி. என்னை அப்படித்தான் கூப்பிடுவான்."

கசாமா பைக்குள் தேடி அந்தத் தாளை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"வேண்டாம்" என்றேன்.

அதற்கும் தலை வணங்கினான். பிறகு தாளின் இரண்டு பக்கமும் வெற்றுத்தாள் வைத்து, ஓரம் மடங்காமல், மை கலையாமல், எவ்வளவு பதமாக உள்ளே வைத்தான் தெரியுமா! அந்த விரல்களின் கவனத்தை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி நடந்தேன்.

ஓடையைக் கடக்கும்போது காவல்காரன் என்னைத் தடுக்கவில்லை. போகிறவனை யாரும் தடுப்பதில்லை.

ஜூன் 20

நேற்று ஓடையைக் கடந்ததோடு எழுத்தை நிறுத்திவிட்டேன்.

கொட்டகையைப் பற்றி என்ன எழுத? பரணுக்கு அடியில் தரையே தெரியவில்லை. ஈக்கள் ஒரு போர்வை மாதிரி எழுந்து மறுபடி உட்காருகின்றன. வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே கிடந்தவர்களில் சிலர் எங்கள் தோட்டத்து ஆட்கள். எவனையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்கு என்னைத் தெரிந்தது.

காத்தாயி ஒருவரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டீங்களா" என்றாள். அவ்வளவுதான்.

சிகாமணியின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். கண்ணைத் திறந்தான். ஏதோ சொல்வான் என்று காதைக் கிட்டக் கொண்டு போனேன். அவன் மூக்கு சுருங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"சோப்பு வாசன" என்றான். "கொமட்டுது. தள்ளிப் போங்க."

பித்தநீரை வாந்தி எடுத்தான். என் மேல் பட்டது. காத்தாயி வந்து என்னை ஒதுக்கிவிட்டு அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

வெளியே வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிழித்தேன். துடைக்கத் துணி இல்லாமல் காத்தாயி இலையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 22

விறகு பொறுக்கினேன். தண்ணீர் காய்ச்சினேன். கழுவினேன். கொட்டினேன். மறுபடி காய்ச்சினேன்.

ஜூன் 24

உப்பு போட்ட வெந்நீரைக் காத்தாயி ஒரு சிரட்டையால் ஊட்டுகிறாள். வாந்தி எடுத்தாலும் விடுவதில்லை. வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுகிறாள். சிகாமணி நான் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவள் ஊட்டினால் திறக்கிறான். ஆகவே நான் காய்ச்சுகிறேன், அவள் ஊட்டுகிறாள்.

"இப்ப நாத்தம் பழகிருச்சாங்க?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எனக்கும் பழகல" என்றாள். சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பதினோரு வருஷம் தோட்டத்து வேலைப் பதிவில் அவளுக்குப் பேர் போட்டிருக்கிறேன்.

ஜூன் 27, ஞாயிறு

காலையில் காத்தாயிக்கு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. சிரட்டையால் ஊட்டினேன். அவள் செய்த மாதிரியே செய்தேன், விடவில்லை. அவளைக் கழுவினேன். எனக்குக் கழுவ வெட்கமாக இருந்தது, அவளுக்கும் இருந்தது. "நீங்க போயி இதெல்லாம்…" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை.

மாலையில் போய்விட்டாள்.

குழிக்கு நானே தூக்கிப் போனேன். கனமே இல்லை. காற்று திரும்பிப் புகை முழுக்க என் மேலேயே வந்தது. அந்தப் பக்கம் மேட்டில் யாரோ அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 30

சிகாமணிக்கு வாந்தி நின்றுவிட்டது. கஞ்சித் தண்ணீர் தங்குகிறது.

ஜூலை 4

இன்று சிகாமணி எழுந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். முகம் எலும்பாக இருக்கிறது. ஆனால் கண்ணில் ஆள் வந்துவிட்டது. வெயில் அடித்தது. ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் தானாகவே பேசினான். நான் வந்த பிறகு முதல் தடவையாக.

"அந்தம்மா தெனமும் தண்ணி ஊத்தும்போது ஒண்ணு சொல்லும். உங்க மச்சான் குடுத்து விட்ட தண்ணி தம்பி, குடிச்சிருங்கன்னு சொல்லும்."

நான் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தேன். அவள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னாளா? நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொன்னவள் சாம்பலாகிவிட்டாள். அன்று கசாமாவின் அடுப்படியில் நடந்தது தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஊருக்குத் திரும்பினால் செண்பகவல்லியிடம் அவனே சொல்வான், மச்சான் தண்ணீர் கொடுத்து விட்டார் என்று.

"நான் குடுத்து விடல" என்றேன். "காத்தாயி வந்து கேட்டுச்சு. நான் இல்லைன்னுட்டேன். ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல."

"தெரியும்" என்றான் சிகாமணி.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உடைஞ்ச சட்டித் தண்ணி. மண்ணும் புகையும் நாறும். சப்பாங்காரன் வீட்டுத் தண்ணி அப்படியா இருக்கும்? அந்தம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியல." மூச்சு வாங்கினான். "நீங்க குடுத்ததுன்னு நெனச்சிக் குடிக்கல. தாகத்துல குடிச்சேன்."

வெந்நீர் ஆறியிருந்தது. தகரக் குவளையில் ஊற்றிக் கொண்டு போய் நீட்டினேன். வாங்கினான். சொட்டு மிச்சம் இல்லாமல் குடித்தான். குவளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபடியே நின்றேன்.

அவன் அதைத் தரையில் வைத்தான்.